கவுளிக்கு எத்தனை இலை?

பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர் அப்புசாமி, பதினான்கு வயதில், 1931இல், சேலத்தில் நடந்த பள்ளிக் கணக்குப் போட்டிக்குப் போனார். எல்லாக் கணக்கையும் முதலில் முடித்தது அவர்தான். "பன்னிரண்டு கவுளிக்கு எத்தனை இலை?" என்ற கேள்விக்கு மட்டும் 1,248 என்று எழுதிவிட்டார். கிழிசலுக்கு ஈடாகக் கவுளிக்கு நாலு இலை சேர்த்துக் கட்டுவது அவர்கள் தோட்டத்து வழக்கம்.

"கவுளி என்றால் நூறு. இதுகூடத் தெரியாதா?" என்றார், கொடிக்கால் பக்கமே போயிராத நடுவர். மண்டபமே சிரித்தது. அப்புசாமி அழவில்லை. அதற்கப்புறம் பள்ளிக்கூடமும் போகவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள், அவர் கட்டி வைத்த கவுளியை மனைவி சௌந்திரம் எண்ணிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கிழிசலுக்கு நாலு வைக்கலீங்களா?"

"கவுளின்னா நூறுதான்" என்றார், தலை நிமிராமல்.