மார்கழியில் குறி பார்க்கப் போனது

காலை ஏழரைக்குப் புளியங்குடியில் டவுன் பஸ் ஏறினேன். சங்கரன்கோவிலுக்குப் பதினாறு, பதினேழு கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் பதினைந்து ரூபாய். கையில் ஒரு நோட்டீஸ்: 'குறி பார்க்க வாருங்கள்! வயது வரம்பு இல்லை, கட்டணம் இல்லை.' கல்யாண மண்டபத்தில் ஏர் ரைபிள் போட்டி, பக்கத்து மைதானத்தில் ஓட்டப் போட்டி என்று டீக்கடைக்காரர்தான் விளக்கினார். ஓசியில் துப்பாக்கி கொடுக்கிறவன் கடைசியில் எதையாவது நம் தலையில் கட்டாமலா விடுவான்? அது என்ன என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

முன் சீட்டில் ஒரு பெண் கையிலும் அதே நோட்டீஸ். பேர் பேச்சியம்மாள், விசைத்தறியில் வேலை.

"லீவு போட்டுட்டு வாரேன் அண்ணாச்சி. எம்மக போலீஸ் செலக்சன்ல ஓட்டத்துல தோத்துட்டா. திரும்ப ஓடுதேங்கா. அவ அப்பா மாப்பிள்ள பாக்காவ. பொங்கலுக்குள்ள முடிவு சொல்லணும்."

"ஓசிங்கான், பாத்து இருந்துக்கிடுங்க" என்றேன்.

"நான் வார பஸ்ஸும் ஓசிதானே!" என்று சிரித்தாள். நான் என் பதினைந்து ரூபாய் டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

எட்டரைக்கு மண்டபம். மார்கழியில் கல்யாண மண்டபம் திறந்திருப்பதே எனக்கு உறுத்தியது. மணமேடையில் குறி அட்டைகள். பத்து மீட்டர் தள்ளி, பந்தி மேசைமேல் துப்பாக்கிகள். புரோட்டீன் பவுடர் டப்பா ஒளித்திருக்கிறார்களா என்று சமையல்கட்டு வரை போய்ப் பார்த்தேன். சுண்டல்தான் வெந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தால், பேச்சியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, வெற்றிலை பாக்கோடு நிற்கிறாள். போட்டி நடத்துகிற முன்னாள் ராணுவக்காரரிடம், "குறி சொல்லுத அம்மா எங்க இருக்காவ?" என்று கேட்டாள்.

அவர் நோட்டீசைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அட கூத்தே! இது சுடுத குறிம்மா!"

மண்டபமே சிரித்தது. அவள் முகம் செத்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது.

"வந்தது வந்தீங்க, சுட்டுப் பாருங்க" என்றார் அவர். நான் குறுக்கே புகுந்து, "நீங்க என்னதான் விக்கிதீய?" என்று கேட்டேவிட்டேன்.

"ஒண்ணும் விக்கல, வே. மார்கழில முகூர்த்தம் கெடையாது, மண்டபம் சும்மா கெடக்கு. துப்பாக்கின்னா பெரிய எடத்துச் சமாச்சாரம்னு நம்ம ஆளுக ஒதுங்குதாவ. வந்து தொட்டுப் பாக்கட்டுமே!"

நான் நம்பவில்லை. பேச்சியம்மாள் சுட்டாள். மூன்று குண்டு அட்டைக்கு வெளியே, நாலாவது ஓரத்தில், ஐந்தாவது கறுப்பு வட்டத்துக்குள். மகள் கதையைக் கேட்டதும், காலையில் ஓட்டப் பயிற்சியும் உண்டு என்றார் அவர். உடனே அவள் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி ஆகிவிட்டாள். யார் சொல்லித்தருவது, பொம்பளப் பிள்ளைகள் வருகிறார்களா என்று துருவித் துருவிக் கேட்டு, மைதானத்துக்கே போய், ஓடிக்கொண்டிருந்த பெண்களிடமும் விசாரித்துவிட்டு வந்தாள்.

பதினொன்றரைக்கு நான் கிளம்பினேன். சுண்டலுக்குக்கூடக் காசு கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வாசலில் பேச்சியம்மாள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மறுகையில் ஓட்டை விழுந்த அட்டை.

"ஏட்டி, ஓடுத ஷூவ எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ல வா... அப்பாட்ட என்ன சொல்லவா? அம்மா குறி பாத்துட்டா, ஓடணும்னு வந்திருக்குன்னு சொல்லு!"