மேல் ஸ்தாயிக்கு ஒரு டிரைவர்

அக்காவின் மடிக்கணினியில் லினக்ஸ் போட்ட அன்று எல்லாம் வேலை செய்தது, சத்தம் ஒன்றைத் தவிர. வைஃபை வந்தது. கேமரா வந்தது. விசைப்பலகை கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வழிக்கு வந்தது. ஸ்பீக்கரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ‘டம்மி அவுட்புட்’ என்று காட்டியது. அதாவது, சத்தம் போடுகிற பொருள் எதுவும் இந்தப் பெட்டிக்குள் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை என்கிறது. வேறு யார் வீட்டுக் கணினியாக இருந்தாலும் சிரித்திருப்பேன். இது பாட்டு டீச்சர் வீட்டுக் கணினி.

அக்கா மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறாள். எனக்கு வீடு அசோக் நகரில். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கிற வேலை. அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், காலமான பிறகு அவளுக்கு மிஞ்சியது பாட்டு வகுப்புதான். ஊரடங்கின்போது நேரில் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் திரைக்குள் போனார்கள், அப்புறம் வெளியே வரவேயில்லை. கடல் தாண்டி இருக்கும் குழந்தைகளுக்குக் காலையிலும் மாலையிலும் சொல்லிக்கொடுப்பாள். பிழைப்பும் அதுதான், பேச்சுத் துணையும் அதுதான், விடிந்ததும் எழுந்து தலைவாரிப் பொட்டு வைத்துக்கொள்ளக் காரணமும் அதுதான்.

அந்தக் கணினி குரோம்புக் வகை. மெலிசாக, இணையம் பார்ப்பதற்கு மட்டும் என்று செய்தது. வெளிநாட்டில் குடியேறிய ஒரு மாணவியின் பெற்றோர் விட்டுவிட்டுப் போனது. ஒரு நாள் அது, இனிமேல் எனக்குப் புதுப்பிப்பு எதுவும் வராது என்று அறிவித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் வகுப்பு நடத்தும் செயலியும் அதில் ஏற மறுத்தது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன்.

“நன்னா இருக்கறதை எதுக்குடா தூக்கிப் போடணும்? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏதாவது பண்ணேன்” என்றாள்.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பின்மூடியைக் கழற்றி, பாதுகாப்புத் திருகாணியை எடுத்து, பழைய அமைப்பைத் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

டிரைவர் என்பது இயந்திரத்துக்கும் அதன் உறுப்புக்கும் நடுவில் நின்று தூது சொல்கிற ஒரு சின்ன நிரல். சாதாரணக் கணினிகளில் அது தானாக அமைந்துவிடும். இந்த வகைக் கணினிகளில் ஒலிச் சில்லு ஒரு தனிப்பிறவி. தன்னைச் செய்தவர்கள் பேச்சை மட்டுமே கேட்கும். முகம் தெரியாத சில புண்ணியவான்கள் அதற்கென்று கோப்புகள் எழுதி இணையத்தில் வைத்திருந்தார்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது: அளவுக்கு மேல் ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கர் சூடாகிக் கருகிவிடும். அக்கா வகுப்பைக் கைபேசியில் ஒப்பேற்றிக்கொண்டிருக்க, நான் ஞாயிற்றுக்கிழமைகளை அதில் தொலைத்தேன். என் மனைவி, “மயிலாப்பூர்லயே ஒரு பாயை விரிச்சிண்டுடுங்கோ” என்றாள்.

கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தப் பெட்டியிலிருந்து தம்பூரா சுருதி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா சமையல் உள்ளிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கண்ணை மூடி நின்று கேட்டாள். ஒரு பாட்டைப் போடச் சொன்னாள். போட்டேன்.

“கீழ நன்னா இருக்கு. பஞ்சமம் வரைக்கும் பரவாயில்லை. மேல போகப் போகத் துணியைப் போட்டு மூடினாப்ல ஆயிடறது. பாடறவ மேல் ஷட்ஜத்துல நிக்கறாளா இல்லையான்னே தெரியலை.”

மேல் ஷட்ஜம் என்கிற அந்த உச்சி ‘ஸ’வும் என் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் குடும்பத்தில் என் காதை யார் கேட்டார்கள்? சிறுவயதிலிருந்தே அக்காவின் காதுதான் எங்களுக்கு அளவுகோல். ஆர்மோனியத்துக்கும் அவளுக்கும் அபிப்பிராய பேதம் வந்தால் அப்பா மறுபேச்சில்லாமல் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ரிப்பேருக்குப் போவார். ஒருமுறை கூடத்து மின்விசிறி சுருதி இறங்கிவிட்டது என்றாள். எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரமே அது கிறீச்சிட்டு நின்றுபோனது. மேல் ஸ்தாயி மூடியிருக்கிறது என்று அவள் சொன்னால் மூடித்தான் இருக்க வேண்டும். குற்றம் டிரைவரில் என்று முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலைகளை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. கர்னலை மாற்றினேன். கர்னல் என்பது அந்த அமைப்பின் அடிமனை. மாற்றியதும் சத்தம் மொத்தமாகப் போய், மறுபடி டம்மி அவுட்புட். பழையதற்குத் திரும்பினேன். மேல் சுரங்களை மட்டும் தூக்கிக் கொடுக்கும் ஒரு நிரலைப் போட்டேன். அது போதவில்லை என்றாள். இன்னும் தூக்கினேன். என் காதில் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. அவளோ, “இப்போ தேவலை. ஆனா இன்னும் மூடினாப்லதான் இருக்கு” என்றாள். வேலை நாட்களில் அலுவலகத்திலிருந்தே கைபேசியில் எழுதி அனுப்புவேன், அவள் அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடிப்பாள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க அவள் கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உள் ஸ்பீக்கரே சரியில்லையோ என்று தி. நகரில் தெரிந்த கடைக்குக் கணினியை எடுத்துப்போய், வெளியே மாட்டுகிற ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். கடைக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார்.

“இன்னா சார் கொறை இதுல? உள்ள கீறதும் நல்லாத்தான் கீது, வெளிய கீறதும் நல்லாத்தான் கீது. சும்மா ஏன் சார் நோண்டிக்கினு கீற?”

சினிமாப் பாட்டைப் போட்டுச் சோதிக்கிற மனுஷருக்கு மேல் ஷட்ஜம் என்ன தெரியும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்பீக்கரையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அக்கா அதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

இதற்கிடையில் ஒரு மாணவி வகுப்பை விட்டு நின்றாள். பிறகு இன்னொருத்தி. பரீட்சை, நீச்சல் வகுப்பு என்று காரணம் சொன்னார்கள். மூன்றாவதாக ஒரு குழந்தையின் அம்மா நேராக எனக்கே போன் செய்து பேசினாள். மார்கழியில் இங்கே வந்து ஒரு கோயிலில் பாடுவதற்காக அந்தக் குழந்தையை அக்கா ஆசை ஆசையாகத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்கோ. மாமி மாதிரி யாரும் சொல்லித்தர முடியாது. ஆனா இப்போல்லாம் குழந்தை சரியாப் பாடினாலும் மாமி தப்புங்கறா. திரும்பத் திரும்பப் பாடச் சொல்றா. கிளாஸ்னாலே இது பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கறது. கம்ப்யூட்டர் பிரச்சினையா மாமா?”

“கம்ப்யூட்டர்தாம்மா. டிரைவர் சரியில்லை. இந்த வாரத்துல சரி பண்ணிடறேன்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். எனக்குப் பதைப்பாக இருந்தது. அந்தக் குழந்தையும் போய்விட்டால் அக்காவுக்குக் காலை நேரங்கள் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அந்த வாரமே, புதிய கோப்புகள் வந்திருப்பதாகப் படித்துவிட்டு, அலுவலகத்துக்குப் போகுமுன் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். வகுப்பு நேரம். முதல் மாடி திரும்பும்போதே குழந்தையின் குரல் கேட்டது. படிக்கட்டு முழுக்க அந்தக் குரல்தான். நான் வாங்கிக்கொடுத்த வெளி ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்திருந்தாள். கீழ் வீட்டு அம்மாள் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார்.

குழந்தை மேல் ஷட்ஜத்துக்கு ஏறி நின்றது. ஆடாமல் அசையாமல் நின்றது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

“நிக்கலைம்மா. இன்னொரு தரம்” என்று அக்காவின் குரல்.

மறுபடி பாடியது. மறுபடி நின்றது.

“வாயைத் திறந்து பாடு கண்ணா. எங்கேயோ கிணத்துக்குள்ளேர்ந்து பாடறாப்ல இருக்கு.”

கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, காதை அதன்மேல் ஏறக்குறைய வைத்துக்கொண்டிருந்தாள். திரையில் குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் இருக்கப் பார்த்தது. நான் வாசலில் செருப்போடு நின்றேன். இத்தனை வாரம் நான் எதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது.

அழைப்பு மணியை அடித்தேன். அக்கா திரும்பவில்லை. உள்ளே போய் அவள் பார்வையில் படுகிற மாதிரி நின்ற பிறகுதான் பார்த்தாள். குழந்தையிடம், “இன்னிக்குப் போறும்மா, போய் விளையாடு” என்று சொல்லித் திரையை மூடினாள். ஸ்பீக்கரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“புது டிரைவர் வந்திருக்கு அக்கா” என்றேன். “இதைப் போட்டா சரியாயிடும்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் பேசும்போது என் உதட்டைத்தான் பார்க்கிறாள் என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

“ரேடியோலயும் மேல் ஸ்தாயி வரலைடா. ரேடியோக்கு ஏது டிரைவர்?”

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“காது டாக்டர்ட்ட போயாச்சு. நீ ஸ்பீக்கர் வாங்கிண்டு வந்தியே, அதுக்கு முன்னாடியே போயாச்சு. காதுல மெஷின் வெச்சிண்டா பேச்சு நன்னா கேக்கும்னார். பாட்டு கேக்குமான்னேன். பேச்சு நன்னா கேக்கும்னு மறுபடியும் அதையே சொன்னார்.”

“அப்புறம் ஏன் அக்கா என்னை இத்தனை நாள்...”

“நீ வந்து அந்தப் பொட்டியை நோண்டிண்டு இருந்தியோல்லியோ, அது வரைக்கும் அது பொட்டியோட வியாதியா இருந்தது. இருந்துட்டுப் போகட்டுமேன்னு தோணித்து.”

கோபம் வந்தது எனக்கு. யார் மேல் என்று தெரியாத கோபம். பெரிய டாக்டரைப் பார்க்கலாம், வேறு கருவி இருக்கும், இந்தக் காலத்தில் எவ்வளவோ வந்துவிட்டது என்று என்னென்னவோ அடுக்கினேன். அலுவலகத்தில் எரிந்துபோன கணினியைக் கொண்டுவருகிறவர்களிடம் நான் பேசுவது மாதிரியே பேசினேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு, தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

“அந்தக் குழந்தையோட அம்மாக்கு மெசேஜ் அடி. வேற நல்ல இடமாப் பாத்துச் சேத்துடச் சொல்லு. மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கு.”

நான் கைபேசியை வாங்கிக்கொண்டேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

“இரு. அதுக்கு முன்னாடி” என்றாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நீ படியேறி வந்தப்போ பாடிண்டிருந்தாளே, கேட்டியா?”

“கேட்டேன்.”

“மேல் ஷட்ஜம் நின்னுதா?”

பாட்டு விஷயத்தில் அக்கா யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் கேட்பாள் என்று கனவிலும் நினைத்ததில்லை.

“நின்னுது அக்கா. ரெண்டு தரமும் நின்னுது.”

“அப்படின்னா அதை முதல்ல அடி” என்றாள். “குழந்தை சரியாத்தான் பாடித்துன்னு அடி.”