முடிந்த ஆட்டத்துக்கு ஒரு வேண்டுதல்

சின்ன வயதில், பிரான்ஸ் தேசத்தில் நிறமே கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். புல் சாம்பல், வானம் சாம்பல், ஆட்டக்காரர்கள் போட்டிருக்கும் சட்டையும் சாம்பல். பெரியப்பா அங்கிருந்து கொடுத்தனுப்பும் வீடியோ டேப்புகளை, புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு டிவியில் போட்டால் அப்படித்தான் தெரியும். அந்த நாட்டு டேப்பு நம்ம ஊர்ப் பெட்டிக்கு ஒத்துவராது, படம் வரும், கலர் வராது என்று கடைக்காரர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. பெரியப்பா வீட்டில் தக்காளிகூட கறுப்புதான் என்று வகுப்பில் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியப்பா ஒரு சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு, அந்த நாட்டின் வடக்கே ஒரு சின்ன ஊரில் பெரியம்மாவோடு தங்கிவிட்டவர். அந்த ஊருக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. பெரிய கப்பு எதுவும் ஜெயித்த அணி இல்லை. முதல் டிவிஷனின் கடைசிப் படியில் தொங்கிக்கொண்டு, எப்போது கீழே விழுமோ என்று வருஷா வருஷம் ஊரையே கலங்கடிக்கிற அணி. பெரியப்பாவுக்கு அதுதான் உயிர். அண்ணனுக்கு உயிர் என்பதால் அப்பாவுக்கும் உயிர். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் "நம்ம ஆளுங்க" என்றுதான் சொல்வார். பெரியப்பா ஒரு முறை அந்த அணியின் பச்சைக் கம்பளி மப்ளரை அனுப்பிவைத்தார். புதுச்சேரி வெயிலில் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வேர்வை வழிய வழிய, டிவி முன்னால் உட்கார்ந்து "அல்லே, அல்லே" என்று கத்துவார்.

டேப்பு தபாலில் வராது. யாராவது அங்கிருந்து ஊருக்கு வரும்போது கையில் கொடுத்தனுப்புவார்கள். அதனால் ஒவ்வொரு ஆட்டமும் எங்களுக்கு வந்து சேரும்போது ஒரு மாசம், ஒன்றரை மாசம் பழசாகியிருக்கும். அதற்காக வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. டேப்பு பார்த்து முடிக்கும்வரை யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. பெரியப்பா போனில் பேசினால்கூட அப்பா முதல் வார்த்தையே "சொல்லிடாதண்ணே" என்பார். ஒரு முறை பெரியப்பாவின் குரல் கொஞ்சம் கம்மியாக இருந்தது. அதிலிருந்தே தோல்வி தெரிந்துவிடும் என்று பயந்து அப்பா போனை வைத்துவிட்டார். "போன மாசம் போட்ட கோலுக்கு இந்த மனுஷன் இன்னிக்கு குதிக்கிறாரு, கல்யாணம் முடிஞ்சப்புறம் மாப்பிள்ளை அழைக்கிற மாதிரி" என்று அம்மா கிண்டல் பண்ணுவார்.

பெரியப்பாவுக்கு ஒரு வழக்கம். டேப்பு வீணாகக் கூடாது என்று இடைவேளை வந்ததும் பதிவை நிறுத்திவிடுவார். மறுபடி ஆட்டம் தொடங்குகிற நொடியில் அழுத்துவார். அந்த இடத்தில் டிவியில் ஒரு வெள்ளைக் கோடு நெளிந்து போகும். அதைப் பார்த்ததும் அப்பா, "அண்ணன் காபி குடிக்கப் போயிட்டாரு" என்பார். கோடு போய்ப் படம் வந்ததும், "வந்துட்டாரு பாரு" என்பார். கடைசி விசில் ஊதியதும் படக்கென்று அணைந்துவிடும். அவ்வளவு சரியான விரல். விளம்பரம் என்று ஒன்று அந்த நாட்டில் உண்டா என்பதே எனக்குத் தெரியாது. அப்பாவுக்கோ அந்த வெள்ளைக் கோடு வந்தால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

எனக்கு எட்டு வயசு நடந்தபோது, அங்கே சீசன் முடிகிற சமயத்தில், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கம்பெனியிலேயே மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் அங்கே படுத்திருந்த நாட்களில்தான் பெரியம்மாவிடம் இருந்து போன் வந்தது. பெரியப்பா இறந்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். பெரியம்மா கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அம்மா போனை வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றதைப் பார்த்தேன். அப்பாவுக்காக வேண்டுகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

அதிர்ச்சி தரும்படி எதையும் கொஞ்ச நாளைக்குச் சொல்ல வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா சொல்லவில்லை. தெருவில் எல்லாருக்கும் தெரியும். அம்மா ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டதால் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் தவறிவிடுமோ என்று அப்பாவின் கம்பெனி ஆட்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் சொன்ன கெடு முடிந்த பிறகும் அம்மாவுக்கு வாய் வரவில்லை. அண்ணன் ஏன் வந்து பார்க்கவில்லை என்று அப்பா கேட்டால், பெரியம்மாவுக்கு முட்டி வலி, விட்டுவிட்டு வர முடியவில்லையாம் என்பார். போன் வந்ததா என்றால், நீங்க தூங்கும்போது வந்தது என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கோயிலில் நன்மை வாங்க, அதாவது சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க, எழுந்து போகவில்லை. வரிசை எங்கள் பெஞ்சுக்கு வந்தால் கால்களை ஒதுக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிடுவார். பாவம் செய்தவர்களும் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களும் நன்மை வாங்கக் கூடாது. காலையில் ஏதோ தின்றுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேறு கவலை. சீசனின் கடைசி ஆட்டத்தில் நம்ம ஆளுங்க தோற்றால் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடுவார்கள். சமன் ஆனால் போதும், தப்பித்துவிடுவார்கள். நெஞ்சுவலி வருவதற்கு முன்பு அப்பா அதையே பேசிக்கொண்டிருந்தார். தோற்ற ஆட்டத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு மறுபடி வலி வந்துவிடும் என்று எனக்குப் பயம். அதனால், அவர்கள் தப்பித்தால் கிறிஸ்துமஸ் வரை ஐஸ் தின்ன மாட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். நேர்ந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டதே, இனிமேல் மாதா என்ன செய்ய முடியும்? அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முடிந்துபோனதற்கு வேண்டிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார். "வேண்டிக்கலாம். அதுக்குத்தான் நிறைய வேண்டிக்கணும்."

அம்மாவுக்கு முடிவு தெரியும் என்றும், நம்ம ஆளுங்க தோற்றுவிட்டார்கள் என்றும் நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

ஜூலையில் வக்கான்சுக்கு, அதாவது கோடை லீவுக்கு, பிரான்ஸில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர்கள் ஊருக்கு வருவார்கள். எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா வந்தபோது ஒரு டேப்பைக் கொண்டுவந்தார். பெரியப்பாவின் மெஷினுக்குள்ளேயே கிடந்ததாம். தம்பிக்குப் போக வேண்டியது என்று பெரியம்மா எடுத்துக் கொடுத்திருக்கிறார், போட்டுப் பார்க்கவில்லை. அம்மா செருப்புகூடப் போடாமல் கேட்டுக்கு ஓடி, அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

டேப்பைக் கொடுப்பதா வேண்டாமா என்று அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்திருப்பார். கொடுக்காவிட்டால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும். கொடுத்தால் முகம் கொஞ்சம் மலரும். கத்தக் கூடாது, எழுந்து குதிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தார். அப்பா மப்ளரைக் கேட்டார். நான் எடுத்துவந்து கழுத்தில் சுற்றிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு கழுத்து ரொம்ப மெலிந்திருந்தது. ஒரு சுற்று அதிகமாகவே வந்தது.

ஆட்டம் சரியாக விசிலோடு தொடங்கியது. "விரலைப் பாரு" என்று அப்பா சிரித்தார். முதல் பாதியிலேயே எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. நான் செபமாலையை மடியில் மறைத்துக்கொண்டு உருட்டினேன். இடைவேளை வந்தது. ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். வெள்ளைக் கோடு வரவில்லை.

அதற்குப் பதில் ஒரு பெண் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். ஒரு கார் மலைப்பாதையில் போனது. ஒரு குழந்தை சோப்பு நுரையோடு சிரித்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். பிரான்ஸில் விளம்பரம் இருக்கிறது என்று கைதட்டினேன். அப்பாவும் முதலில் சிரித்தார். "இன்னிக்கு அண்ணன் தூங்கிட்டாரு பாப்பா" என்றார். விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நம்ம ஆளுங்க தலையால் முட்டி ஒரு கோல் போட்டார்கள். நான் எழுந்து குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். கடைசி விசில் ஊதினார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள், கூட்டத்தில் கிழவர்கள்கூட அழுதார்கள். டேப்பு அணையவில்லை. கோட்டு போட்ட ஒருவர் செய்தி வாசித்தார். ஒரு பெண் தேசப்படத்துக்கு முன்னால் நின்று மேகத்தையும் மழையையும் கையால் காட்டினாள். ஏதோ ஒரு சினிமா தொடங்கியது.

ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, நிறுத்தட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார்.

சினிமாவில் ஒரு ஆள் ரயிலுக்காகக் காத்திருந்தான். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டேப்பு தீர்ந்து, மெஷின் தானாகவே பின்னால் சுற்ற ஆரம்பிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அண்ணன் போனது இடைவேளைக்கு முன்னால் எந்த நிமிஷம் என்று மனசுக்குள் தேடியிருப்பாரோ என்னவோ. ஆட்டம் தொடங்கியபோது பெரியப்பா இருந்தார், அழுத்தினார். நிறுத்துவதற்கு அவர் இல்லை. எனக்கு விளங்க இத்தனை வருஷம் ஆனது, அப்பாவுக்கு ஒரு வெண்ணெய் விளம்பரம் போதுமாக இருந்திருக்கிறது.

அம்மா டீயோடு வந்தார். அவர் ஒரு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. விளம்பரம் வந்தால் பெரியப்பா பதிவை நிறுத்துவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. நம்ம ஆளுங்க என்ன ஆனாங்க என்று கேட்டார்.

"தப்பிச்சிட்டாங்க" என்றார் அப்பா. டீயை வாங்கிக்கொண்டு, டம்ளரைப் பார்த்தபடியே கேட்டார். "அண்ணன் போன் பண்ணாரா?"

"நேத்து காலையில பண்ணாருங்க. நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"நல்லா இருக்காராமா?"

"நல்லா இருக்காராம்."

"சரி" என்றார் அப்பா. டீயைக் குடித்து முடித்தார். மப்ளரைக் கழற்றி, மடித்து, என்னிடம் கொடுத்தார்.

தினமும் சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கும்படி டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். டேப்பு பார்த்த மறுநாள் நடக்கப் போனவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். கோயில் பக்கம் போய்விட்டு வந்தேன் என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை, நோய்க்குப் பிறகு முதல் தடவையாக எங்களோடு காலைப் பூசைக்கு வந்தார். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவர் அந்தப் பக்கம் தூணோரமாக உட்கார்ந்தார். நானும் அம்மாவும் இந்தப் பக்கம், முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

பூசைக்கு முன்னால் உபதேசியார், கோயில் காரியங்களைப் பார்க்கும் கிழவர், யார் யாருக்காகப் பூசை என்று வாசிப்பார். பிறந்தநாளுக்கு நன்றியாக, பரீட்சையில் தேறியதற்கு நன்றியாக என்று வாசித்துக்கொண்டே வந்தவர், பெரியப்பாவின் பேரை, தாத்தா பேரோடு சேர்த்து வாசித்தார். "அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக, தம்பி குடும்பத்தார்" என்றார்.

அது செத்தவர்களுக்கு வாசிப்பது என்று எனக்குத் தெரியும். உபதேசியார் தப்பு பண்ணிவிட்டார் என்றுதான் நினைத்தேன். நம்ம ஆளுங்க தப்பித்ததற்கு அப்பா நன்றிப் பூசை கொடுத்திருப்பார், கிழவர் மாற்றி வாசிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்வதற்காக அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா எழுந்துவிட்டிருந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, நடுப்பாதையைத் தாண்டி, எல்லாரும் பார்க்க, ஆண்கள் பக்கம் நடந்தார். தூணோரம் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அம்மா உட்கார்ந்தார்.

எங்கள் கோயிலில் எந்தப் பெண்பிள்ளையும் அப்படிப் போனதை நான் பார்த்ததில்லை. பெண்கள் பக்கம் மொத்தமும் அங்கே பார்த்துவிட்டு, அப்புறம் என்னைப் பார்த்தது. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வேறு பின்னால் இருந்தார்கள். அம்மாவுக்கு இடம்கூடத் தெரியாமல் போய்விட்டதே என்று எனக்கு முகமெல்லாம் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, யாரும் சிரிப்பதற்கு முன்னால் அம்மாவை இந்தப் பக்கம் அனுப்பிவிடு மாதாவே என்று பூசை முடியும்வரை வேண்டிக்கொண்டே இருந்தேன்.