பிக்கப்பில் போட்ட சைக்கிள் ரியூப்

குளக்கட்டிலிருந்து இறங்கும்போது முதல் தரம் மிதித்தேன், பிரேக் பிடித்தது. காலை எடுத்து இரண்டாம் தரம் மிதித்தேன். கல்லை மிதித்ததுபோல இருந்தது. பெடல் அசையவில்லை. பிக்கப் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது.

கீழே வாய்க்கால் மதகு. மதகின் நடுவில் வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. எனக்குப் பக்கத்தில் ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி. பின்பெட்டியில், மிளகாய்ப் பழம் ஆய வரும் பதினான்கு பெண்கள். தேயிலை மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியவர்கள். கியரைக் குறைத்து, கை பிரேக்கைத் தோள்மூட்டுக் கழலும்படி இழுத்தேன். வைக்கோல் முன்கண்ணாடியில் உரசியபடி பிக்கப் நின்றது.

பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. மூத்த பெண் ஒருத்தி கத்தினாள்: "என்னா தம்பி, வைக்கோல் திங்கவா போறீங்க?"

நானும் சிரித்தேன். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு நின்றது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை, அப்படியொரு பயம். மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜப்பான்காரனின் பழைய டீசல் பிக்கப், நான் அதற்கு மூன்றாவது சொந்தக்காரன். எல்லாரையும் தோட்டத்தில் இறக்கிவிட்டு, தனியாக முதல் கியரில் ஊர்ந்து பரந்தனிலுள்ள கராஜுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு ஆட்டுக்குட்டிக்கும் நெஞ்சு திக்கென்றது.

மெக்கானிக் முதலில் பிரேக் எண்ணெயைப் பார்த்தார். அளவாக இருந்தது. நாலு சில்லுகளுக்கடியிலும் குனிந்து பார்த்தார், எண்ணெய் ஒழுக்கில்லை.

"எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு அஞ்சாறு தரம் மிதியும். கடைசியா மிதிச்ச காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணும்."

செய்தேன்.

"கால் கீழ இறங்குதோ?"

"கொஞ்சம் இறங்கின மாதிரி..."

"நல்ல பிரேக் எண்டால் காலை உள்ளுக்கு இழுக்கும் தம்பி. மாதிரி எண்டு ஒண்டு இல்லை."

டீசல் எஞ்சினில் காற்றை உறிஞ்சவென்றே ஒரு சின்னப் பம்ப் தனியாக இருக்கிறது. அந்த உறிஞ்சல் ஒரு றப்பர் குழாய் வழியாக, பெடலுக்கு முன்னாலிருக்கும் சட்டி போன்ற பூஸ்டருக்குப் போக வேண்டும். போனால்தான் கால் மிதிப்பதற்குப் பலம் சேரும். அன்று அவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். பம்பின் வாயில் அவர் விரலை வைத்தார், விரலைப் பிடித்து இழுத்தது. குழாயின் மறு நுனியில் வைத்தார், ஒன்றுமில்லை.

"அப்ப கோளாறு நடுவில" என்று எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் குனிந்தார்.

நடுவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பதினேழு நாளுக்கு முன் அந்தக் குழாய் வெடித்திருந்தது. வெடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மனைவியின் சைக்கிள் ரியூப்பில் ஒரு முழம் அறுத்து மாட்டி, இரண்டு பக்கமும் கம்பியால் இறுக்கியவன் நான்தான். எங்கள் பக்கத்தில் சைக்கிள் ரியூப்பால் ஆகாத காரியமில்லை. சுமை கட்டுவோம், தண்ணீர்ப் பைப்புக்குச் சுற்றுவோம், கதவுக்குப் பிணைச்சலாக அடிப்போம். வேலை முடிந்ததும் நான் பெருமையோடு ஒரு பீடி வேறு பற்றவைத்தேன். காற்றை அடைத்து வைக்கிற ரியூப், காற்றை இழுக்கும்போது நிமிர்ந்து நிற்காது என்பது இந்த மண்டைக்கு ஏறவில்லை.

"இப்ப ஸ்டார்ட் பண்ணிப்போட்டு வந்து பாரும்" என்றார்.

நின்ற எஞ்சினில் உருண்டையாகக் கிடந்த ரியூப், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பட்டினி கிடந்த வயிறுபோல ஒட்டிப்போனது. ஒருதரம் மிதிக்க மட்டுந்தான் அதற்குள்ளால் உறிஞ்சல் போய்ச் சேர்ந்திருக்கிறது. பதினேழு நாளும் நாங்கள் தப்பியது வன்னித் தரையின் புண்ணியம். தட்டையான தெருவில் உடனே இரண்டாம் மிதி தேவைப்படவில்லை, அடுத்த மிதிக்குள் உறிஞ்சல் மெல்ல ஊறிவிடும். குளக்கட்டுப் பாதையில் அன்றுதான் முதன்முதல் போனோம்.

"ஆர் இந்த வேலை பாத்தது?"

"முந்தி வைச்சிருந்த ஆள், அண்ணை."

"ஆளைக் கொல்லவெண்டே செய்திருக்கிறான்."

"ஓம்" என்றேன்.

தடித்த புதுக் குழாய் போட்டுத் தந்தார். பெடல் காலை உள்ளே இழுத்தது. திரும்பும் வழியெல்லாம் மிதித்து மிதித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை பெண்களை ஏற்ற நிறுத்தியபோது, கராஜில் கழற்றி ஆசனத்தின் கீழே போட்டிருந்த ரியூப் துண்டை மனைவி எடுத்துப் பார்த்தாள்.

"இது என்ர ரியூப்பெல்லே? இதாலயோ நேற்று?"

மெக்கானிக்கிடம் சொன்ன பொய் அவளிடம் வாயில் வரவில்லை. "ஓம். நான்தான் போட்டனான்."

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். "அவையளுக்குச் சொல்லிப்போட்டு ஏத்துங்கோ. சொல்லாட்டி நான் வரமாட்டன்."

தெருவோரம் காத்து நின்ற பதினான்கு பேருக்கும் முன்னால் போய் நின்று சொன்னேன். ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். ஒருத்தியும் ஏசவில்லை. வைக்கோல் பகிடி விட்ட மூத்தவள் மட்டும் கேட்டாள்:

"இப்ப புடிக்குதா தம்பி?"

"பிடிக்குது."

"இந்தப் பக்கம் வேற வண்டி வருமா?"

"வராது."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, "ஏறுங்கடி, வெயில் வந்துரும்" என்றாள்.

மனைவி முன்னால் வந்து ஏறினாள். பின்னால் ஒவ்வொருத்தி ஏறும்போதும் வண்டி சற்றுத் தாழ்ந்தது. முதல்நாள் மதகடியில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. குளக்கட்டிலிருந்து இறங்கும்போது ஒருதரம் மிதித்தேன், பிடித்தது. இரண்டாம் தரமும் மிதித்தேன், பிடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். பதினான்கு பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். மதகைத் தாண்டிய பிறகும் விடவில்லை.