நீர்நாய்க்கு நின்ற படகு

முத்துப்பேட்டையில் நீர்நாயைத் திட்டாத மீனவர் வீடு கிடையாது. எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே திட்டுவோம். என் கணவர் ஊரையொட்டிய உப்பங்கழியில், லகூனில், வலை போடுகிறவர். விடிந்து போய்ப் பார்த்தால் வலை கிழிந்திருக்கும், பாதி தின்ற கொடுவா மீன் அதில் தொங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மனிதர் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அந்த நீர்நாயைக் காட்டப் போவார். சாப்பாடு என் பொறுப்பு; நானும் படகில் கூடப் போவேன். படகுச் சவாரி வந்த பிறகு எங்கள் வசவில் சுருதி கொஞ்சம் இறங்கியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பும் எங்கள் தெருவில் யாரும் அதை அடித்துக் கொன்றதில்லை. சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு. அன்று காலையில்தான் நீர்நாய் எங்கள் புது வலையை நார் நாராகக் கிழித்து வைத்திருந்தது. இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சுற்றுலா ஏஜென்ட் ஒருவர் பெரிய பெரிய கேமராக்களோடு ஒரு கூட்டத்தை அழைத்துவந்தார். அலையாத்தி மரத்தடியில், வளையின் வாசலில், தாயும் குட்டிகளும் தெரிந்தன. இவர் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். ஏஜென்ட் இன்னும் கிட்டே விடச் சொன்னார். முடியாது என்றதும், அடுத்த வாரத்திலிருந்து வேறு படகு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த வருமானத்தில்தான் மறுபடி வலை வாங்க வேண்டும்.

"குட்டி போட்டிருக்குங்க. பச்ச உடம்புக்காரி வீட்டு வாசல்ல போயி நிப்பீங்களா?" என்றார் இவர்.

படகு திரும்பியது. ஏஜென்ட்டுக்கும் ஒரு துண்டு மீன் கூடவே வைத்தேன். எனக்கு அன்று அவ்வளவு பெருமை.

சொன்னபடியே ஏஜென்ட் அடுத்த வாரம் வேறு படகு பிடித்தார். அந்தப் படகுக்காரரும் நீர்நாயிடம் வலையைப் பறிகொடுத்தவர்தான். எங்களோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாங்கள் கரையில் உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தோம். போன சுருக்கில் படகு திரும்பியது. வளைக்குக் கிட்டே போக மாட்டேன் என்று அவரும் நின்றுவிட்டாராம். ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் என்று புரிந்திருக்க வேண்டும். ஏஜென்ட் எங்களிடமே வந்து, தூரத்திலிருந்து பார்த்தாலே போதும் என்றார்.

படகைக் கட்டிவிட்டு அந்த மனிதரும் வந்தார். என் கணவரைப் பார்த்து, "நாலு குட்டியும் தண்ணியில எறங்கிடுச்சுப்பா" என்றார்.