புழுவுக்கு ஒரு டப்பா

கால்நடை மருத்துவமனையில் முப்பத்தொரு ஆண்டுகள் பதிவேடு எழுதினேன். அதில் இருபத்தைந்து ஆண்டுகள், புழு வைத்த புண்களுக்கு மருந்து கட்டியவள் ஒரே ஒருத்தி. பெயர் சொல்லி யாரும் அவளை அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவள் டப்பாக்கா.

இடுப்பில் எப்போதும் ஒரு பால்பவுடர் டப்பா தொங்கும். அதில் பாதியளவு மண்ணெண்ணெய். மாட்டின் கொம்படியிலோ ஆட்டின் குளம்பிடுக்கிலோ ஈ முட்டையிட்டு, புழுக்கள் சதையைத் தின்று குழி பறித்திருக்கும். டர்பன்டைன் நனைத்த பஞ்சை அந்தக் குழியில் வைப்பாள். மூச்சு முட்டிப் புழுக்கள் நெளிந்து மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டு, எண்ணிக்கையை என் மேசைக்குக் கேட்கும்படி கத்திச் சொல்வாள். ஓர் எருமையின் காதிலிருந்து இருநூற்றுப் பதினான்கு. எழுதியிருக்கிறேன்.

“கீழ போட்டா மண்ணுக்குள்ள பூந்துக்கும்ணே. ஒரே வாரத்துல ரெக்க மொளச்சு, புது மாப்பிள்ள மாதிரி வந்து நிக்கும்” என்பாள்.

அவளுடைய பத்தொன்பதாவது ஆண்டில்தான், தற்காலிகப் பணியிலிருந்து அவளை நிரந்தரமாக்கும் கோப்பு மேசையேறியது. அப்போது புது டாக்டர் வந்தார். மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று, நான்காம் தேதி காலை பத்தேகாலுக்கு வார்டைச் சுற்றினார்.

“ஏம்மா, என்ன கண்றாவி இது? இத இடுப்புல வேற கட்டிக்கிட்டுத் திரியிற! தூக்கி எறி.”

“புழுவ எங்க சார் போடுறது?”

“கீழ போடு. தண்ணி ஊத்திக் கழுவினா போயிடும்.”

“போகாது சார். மண்ணுக்குள்ள போய்ப் படுத்துக்கும்.”

“டாக்டருக்குப் படிச்சது நீயா, நானா?”

டப்பா குப்பைக்குப் போனது. அன்று முதல் புழுக்களைக் கீழே போட்டு, சாக்கடைப் பக்கம் கழுவிவிட்டார்கள். ‘டாக்டரின் வாய்மொழி உத்தரவின்படி டப்பா அகற்றப்பட்டது’ என்று அன்றைய பக்கத்தில் எழுதினேன்.

இருபத்துமூன்றாம் தேதி, தையல் போட்டிருந்த இரண்டு மாடுகளின் புண்ணிலும், வார்டிலேயே பிறந்த கன்றின் தொப்புளிலும் புழு. உள்ளே சேர்க்கும்போது மாடுகளிடம் ஒரு புழுகூடக் கிடையாது. மறுநாள் கன்று செத்தது. தாய்ப்பசு அது கிடந்த சாக்கை நக்கிக்கொண்டே நின்றது.

டாக்டர் செய்தது என்ன? டப்பாக்காவுக்கு மெமோ கொடுத்தார். ‘மருந்து கட்டுவதில் அலட்சியம்.’ மெமோ ஏறிய கோப்பு நகராது என்பது அவருக்கும் தெரியும். பத்தொன்பது ஆண்டு உழைப்பை அரைப் பக்கத்தில் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்.

அவள் அழவில்லை. சாக்கடையோர மண்ணைக் கிளறிச் சல்லடையில் சலித்தாள். கருஞ்சிவப்பாக, அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, முப்பத்தேழு புழுக்கூடுகள். கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, டாக்டரின் மேசையில் வைத்தாள்.

“நீங்க கழுவிவிட்டது சார். எங்கயும் போகல. பாத்துக்கிட்டே இருங்க.”

புட்டி வைத்த நான்காம் நாள், பச்சைநீல ஈக்கள் புட்டிக்குள் முட்டி மோதின. டாக்டர் செய்தித்தாளால் புட்டியை மூடினார். பிற்பகல் என்னைக் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

“நமக்குள்ள எதுக்கு சார் வம்பு? மெமோவக் கிழிச்சிடறேன். நாலாம் தேதி பக்கத்துல அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிடுங்க.”

என் பதிவேட்டில் நடந்தது எதையும் நான் அடித்ததில்லை. ஆனால் பிழைப்பு அவளுடையது. அவளிடமே கேட்டேன்.

“அடிச்சா வேல நிரந்தரமாயிடுமாண்ணே?”

“ஆயிடும்.”

“அப்ப கன்னுக்குட்டி எதனால செத்துச்சுன்னு எழுதுவீங்க?”

நான்காம் தேதி பக்கத்தைப் புரட்டினேன். அவள் அந்த வரிமேல் விரல் வைத்தாள்.

“அந்த வரி போச்சுன்னா, நாளைக்கு இன்னொரு டாக்டர் வந்து டப்பாவத் தூக்கி எறிவாரு. அது இருக்கட்டும்ணே.”

வரி இருக்கிறது. மெமோவும் இருக்கிறது. கடைசிவரை அவள் தற்காலிகப் பணியாளர்தான். ஆண்டறிக்கையில் புழு பரவியதற்கு ‘தொடர்மழை’ என்று காரணம் எழுதினார் டாக்டர். அந்த மாதம் மழை பெய்தது இரண்டே நாள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன். மழைதான் காரணமென்றால் அவளுக்கு மெமோ எதற்கு? மேலிடத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை.

வரி இருக்கட்டும் என்று சொன்னதற்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு, இடுப்பில் புது டப்பாவோடு வந்தாள். யாரும் அனுமதி தரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. முதலில் வந்தது ஓர் ஆடு, பின்னங்காலில் புண்.

“அறுபத்திரண்டுண்ணே!” என்று கத்தினாள். எழுதிக்கொண்டேன்.