கேட்காமல் வெட்டிய கோட்டு

மெரிகே தல்விக்கை நம்பவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தாலின் நகரத்துக் கொப்லி வட்டாரத்தில், பழைய கப்பல் பட்டறைக் கிடங்கு ஒன்றின் மாடியில் அவளுடைய தையல்கூடம். பிறர் உடுத்திக் கழித்த கோட்டு, போர்வை, திரைச்சீலை இவற்றைப் பிரித்துப் புது உடுப்பாக வடிவமைப்பது அவள் தொழில். யார் எதைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாலும் முதலில் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுவாள். தீக்குச்சியைக் கிழிப்பாள். முடி கருகும் நாற்றத்தோடு நூல் பொடிந்தால் கம்பளி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் என்றால் கொண்டுவந்தவர் வந்த வழியே மாடிப்படி இறங்க வேண்டியதுதான்.

சொந்தக்காரர், வேண்டியவர் என்ற பேச்சே கிடையாது. பிறந்தநாளுக்குக் கணவன் ஹெய்கி சுத்தக் கம்பளி என்று ஆசையாக வாங்கிவந்த கழுத்துத் துண்டுக்கும் அதே கதிதான். அவன் கண்ணெதிரிலேயே கொளுத்தினாள், உருகியது. அன்றிலிருந்து அந்த மனிதன் அவளுக்குத் தேன், ஆப்பிள் என்று தின்கிற சாமானாகவே வாங்கித் தருகிறான், பாவம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. இளவயதில் ஒரு பெரிய ஆயத்த ஆடைக் கம்பெனியில் லேபிள் தைத்தவள் அவள். பாதிக்குமேல் பிளாஸ்டிக் கலந்த துணியில் 'தூய கம்பளி' என்ற லேபிளைத் தன் கையாலேயே தைத்திருக்கிறாள். ஒருநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, "உனக்கு ஊசி பிடிக்கத்தானே சம்பளம்?" என்று பதில் வந்தது. ஊசியை மேசையில் குத்திவிட்டு வெளியே வந்தவள்தான். தனியாகத் தொடங்கிய பிறகு ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டாள். அவள் செய்யும் ஒவ்வொரு உடுப்பிலும், துணி யாருடையது, எந்த ஊர் என்று லேபிளில் இருக்கும். அதில் ஒரு எழுத்து பொய் இருக்கக்கூடாது.

அந்த வருஷம் இலையுதிர் காலக் கண்காட்சியில் அவளுக்கு வாசலுக்கு நேர் எதிரே இடம் கிடைத்திருந்தது. சின்ன வடிவமைப்பாளர்கள் அத்தனை பேரும் கண் வைக்கிற இடம். அங்கே நிறுத்தத் தகுந்த துணி இன்னும் அமையவில்லையே என்று அவள் முள்மேல் இருந்த சமயத்தில்தான் உர்மாஸ் என்பவன் வந்தான். ஐம்பதைத் தாண்டிய ஆள். கையில் காகிதப் பை. பையிலிருந்து ஒரு பெண்கள் கோட்டை எடுத்து மேசையில் விரித்தான். முழங்காலைத் தாண்டி நீளும் கரும்பச்சைக் கோட்டு. மரத்தில் கடைந்த பொத்தான்கள், அதில் ஒன்று மட்டும் எங்கிருந்தோ வந்து சேர்ந்த கறுப்புப் பொத்தான். துணியைத் தொட்டதுமே மெரிகேக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இவ்வளவு நல்ல கோட்டை எவன் சும்மா தருவான்?

"இது யாரோடது?"

"அம்மாவோடது. சல்மேன்னு பேரு. தூரிப் பக்கத்துக் கிராமம். வீட்டைக் காலி பண்றோம்."

எங்கள் ஊரில் ஒருவர் அம்மா வீட்டைக் காலி பண்ணுகிறோம் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் தலையைக் குனிந்துகொள்வார். அவ்வளவுதான். எப்போது போனார், என்ன நோவு என்று தோண்டித் துருவுவது மகா மரியாதைக் கேடு. அடுத்தவர் துக்கத்தின் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதுபோல. மெரிகேயும் தலையைக் குனிந்தாள். பிறகு நூலை உருவினாள்.

உர்மாஸ் முகம் சுளித்தான். "கொளுத்தறீங்களா?"

"எல்லார் துணியையும் கொளுத்துவேன். கோவிச்சுக்காதீங்க."

முடி கருகும் நாற்றம் வந்தது. சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்தாள். அசல் கம்பளி. அப்படியும் மனசு ஆறவில்லை. உள் துணியைப் பிரித்துத் தையலை ஆராய்ந்தாள். கைத்தையல்தான். ஒருவேளை திருட்டுக் கோட்டோ என்று அவன் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு கோட்டை முகர்ந்தாள். செத்தவர்களின் உடுப்பில் அலமாரி வாசனைதான் வரும். இதில் சமைத்த வெங்காயமும் வியர்வையும் அடித்தது, நேற்றுவரை யாரோ போட்டிருந்ததுபோல. அடிக்கட்டும், கிராமத்து வீடுதானே என்று விட்டுவிட்டாள். விடக்கூடாததை விட்டாள். அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அவன் போனதும் ஸோயா தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினாள். ஸோயாவின் வீட்டில் ரஷ்ய மொழி, வாயில் எந்நேரமும் உப்பில் ஊறிய வெள்ளரிக்காய். மெரிகேயோடு சேர்ந்து தைக்கத் தொடங்கியதிலிருந்து அவளை வம்புக்கு இழுப்பதும் அவள் வேலையில் ஒன்று.

"ஏண்டி, அந்தம்மா எப்போ போனாங்கன்னு கேக்கலையா?"

"அதெல்லாம் கேப்பாங்களா?"

"நாங்க கேப்போம். கேட்டுக் கூட உக்காந்து அழுவோம். அப்புறம் நல்லா சாப்பிடுவோம். நீங்க என்னடான்னா செத்தவங்களப் பத்திப் பேசினா வரி போட்டுடுவாங்கங்கற மாதிரி வாயை மூடிக்கறீங்க."

"அவரு மனசு புண்படும், ஸோயா."

"துணிய நிக்க வெச்சு விசாரிக்கற, மனுஷன விட்டுடற. நல்ல போலீஸ்காரிடி நீ!"

மெரிகே கத்திரியை எடுத்தாள். கோட்டின் கீழ்ப்பாதியை வெட்டினாள். அந்தத் துணியில் அகலமான கழுத்துப் பட்டையும் பெரிய பைகளும் வந்தன. கைகளைப் பிரித்துத் திருப்பி வைத்தாள். ஒரு துண்டுகூட வீணாகவில்லை. நீளக் கோட்டு இடுப்பளவு சட்டையாக நின்றது. கறுப்புப் பொத்தானைக் கழுத்தில் தைத்தாள். உள்ளே லேபிள்: 'துணி: சல்மே, தூரி.' பார்த்துவிட்டு ஸோயா, "பரவாயில்ல" என்றாள். மெரிகேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது, அதை ஸோயாவும் கற்றுக்கொண்டிருந்தாள்.

கண்காட்சியில் கூட்டம் அந்தச் சட்டையைச் சுற்றித்தான் நின்றது. தொட்டுப் பார்த்தார்கள், பெரிதாக எதுவும் சொல்லவில்லை, ஆனால் நகரவும் இல்லை. மத்தியானம் நீல மழைச்சட்டை போட்ட ஒரு பெண் வந்து சட்டையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருந்த லேபிளைப் படித்தாள். முகம் மாறியது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"லேபிள்லயே இருக்கே."

"அதான் கேக்கறேன். இது எங்க சல்மேவோட கோட்டு. இந்தக் கறுப்புப் பொத்தான நான்தான் தெச்சேன், போன வசந்தத்துல."

மெரிகே சட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். போன வருஷமும் இப்படித்தான் ஒருத்தி, அத்தையின் போர்வை என்று கண்ணைக் கசக்கி ஒரு உடுப்பைச் சும்மா வாங்கிப் போனாள். மறுவாரமே அது இணையத்தில் விற்பனைக்கு வந்தது. ஒருதடவை ஏமாந்தது போதாதா?

"நீங்க யாருங்க?"

"எவெலின். தூரிப் பக்கம் முதியோர் இல்லத்துல வேலை. சல்மே நான் பாத்துக்கற அறையில இருக்கறவங்க. கோட்டு துவைக்கப் போயிருக்கு, வந்துச்சா வந்துச்சான்னு தினமும் என் உயிரை எடுக்கறாங்க."

"நல்லா காது குத்தறீங்க! செத்தவங்க எப்படிக் கேப்பாங்க?"

எவெலின் திகைத்துப்போனாள். "யாரு செத்தா?"

மெரிகே அப்போதும் விடவில்லை. பொய் சொல்கிறவர்களும் இப்படித்தான் திகைப்பார்கள், அவள் பார்க்காத திகைப்பா? முகவரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அவளை அனுப்பினாள். பிறகு உர்மாஸுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"அவனும் இவளும் கூட்டு, ஸோயா. நான் போய்க் கையும் களவுமாப் பிடிக்கறேன்."

"போ. ஆனா அந்தம்மா உயிரோட இருந்தா என்ன பண்ணுவ?"

மெரிகே வாசலுக்கு எதிரே இருந்த அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, சட்டையைப் பையில் வைத்து மறுநாள் காலை தூரி ரயில் ஏறினாள். பார்க்கப் போகிறவர்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று திராட்சை போட்ட கிரிங்கெல் ரொட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டாள். மோசடிக்காரர்களைப் பிடிக்கப் போகிறவள் எதற்கு ரொட்டி வாங்கினாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. வழியெல்லாம் மழை. அவள் உர்மாஸின் ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அம்மாவோடது. வீட்டைக் காலி பண்றோம். இதில் பொய் எங்கே? தேடத் தேடக் கிடைக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

முதியோர் இல்லத்தின் வாசலில் எவெலினே நின்றாள். உள்ளே கூட்டிப்போனாள். ஜன்னலோரம் ஒரு கிழவி, மெல்லிய வீட்டுச் சட்டையோடு நேராக உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் கத்திமுனை மாதிரி இருந்தது.

"யாரு நீ? என்ன விக்க வந்த?"

"விக்க வரலம்மா. என் பேரு மெரிகே. தாலின்லேர்ந்து வர்றேன்."

"தாலின்லேர்ந்து சும்மா யாரும் வர மாட்டாங்க. அந்த ரொட்டி எதுக்கு? ஏதாவது கையெழுத்துப் போடச் சொல்லப்போறியா?"

"சல்மே!" என்று எவெலின் அதட்டினாள்.

"நீ சும்மா இரு. போன தடவை கேக் கொண்டுவந்தவன் என் மகன். கேக்கைத் தின்னு முடிச்சப்போ நான் இங்க இருந்தேன்."

சந்தேகப்படுவதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்றிருந்த மெரிகே, அந்த நாற்காலியின் முன்னால் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி நின்றாள். சல்மே அவளை மேலும் கீழும் பார்த்தாள். திடீரென்று அந்த முகம் இளகியது.

"துவைக்கற கடையிலேர்ந்தா வர்றே? என் கோட்டு ஆயிடுச்சா?" என்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உர்மாஸ் சொன்னான், கோட்டு துவைச்சு வந்ததும் வீட்டுக்குப் போகலாம்னு. இந்தக் குளிர்ல கோட்டு இல்லாம வெளிய கால் வைக்கக்கூடாதாம். அதான் காத்துக்கிட்டு இருக்கேன்."

மெரிகே எவெலினைப் பார்த்தாள். எவெலின் ஜன்னலைப் பார்த்தாள். ஆக, இவள் சொன்னதும் நிஜம், அவன் சொன்னதும் நிஜம். பொய் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கிழவிக்குச் சொன்னது. கோட்டு இருந்தால் கிளம்பிவிடுவாள் என்றுதான் கோட்டையே கொண்டுபோய்க் கழித்திருக்கிறான், பாவி.

இன்னும் ஆகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடலாம். கிழவி நிம்மதியாகக் காத்திருப்பாள், குளிர்காலம் முழுக்க. அதைச் சொல்ல மெரிகே வாயைத் திறந்தாள். இன்னொரு பொய் லேபிளா? மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பையைத் திறந்து சட்டையை எடுத்து சல்மேயின் மடியில் வைத்தாள்.

சல்மே முதலில் துணியைத் தடவினாள். பிறகு கறுப்புப் பொத்தானைத் தொட்டாள். சட்டையை விரித்துத் தூக்கிப் பிடித்தாள். கீழ்ப்பாதி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

"துவைச்சதுல இவ்வளவு சுருங்கிடுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை.

"நான்தாம்மா வெட்டினேன்."

"சரி." சல்மே வெட்டிய ஓரத்தை விரலால் தடவினாள். "வீடு?"

"காலி பண்றோம்னு சொன்னார்."

சல்மேயின் கை சட்டைமேல் அப்படியே நின்றது. "பசு கட்டற கொட்டில் பக்கத்துல ஒரு விறகு அடுக்கு இருக்கும். அதையும் எடுத்துட்டானாமா?"

"தெரியலம்மா."

"நான் செத்துட்டேன்னு சொன்னானா உன்கிட்ட?"

"இல்ல. அவர் அப்படிச் சொல்லவே இல்ல. நானா நெனச்சுக்கிட்டேன்." மெரிகேக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. "துணி அசல்தானான்னு எல்லா விதத்துலயும் பாத்தேன். அவரு யாரு எவருன்னு அட்டையைக் கூட வாங்கிப் பாத்தேன். உங்களப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா மரியாதையா இருக்காதுன்னு இருந்துட்டேன்."

"அழாதே. பெத்த பிள்ளை ஒருத்தன் இருக்கான், அவனே என்னை ஒரு வார்த்தை கேக்கல. உன்ன என்ன சொல்றது?"

சல்மே சட்டையை ஒழுங்காக மடித்து மெரிகேயின் கையில் கொடுத்தாள். நாற்காலிப் பிடியை ஊன்றி எழுந்தாள். உயரமான பெண்பிள்ளை, உட்கார்ந்திருந்தபோது அது தெரியவில்லை.

"உன் கோட்டக் கழட்டு."

"அம்மா?"

"கழட்டுங்கறேன். அது முழங்கால் வரைக்கும் வருதில்ல? எனக்கு என் வீட்டப் பாக்கணும்."

மெரிகே கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். எவெலின் ஏதோ சொல்ல வந்தாள். பிறகு மூலையிலிருந்து சல்மேயின் காலணிகளை எடுத்துவந்து அவள் காலடியில் குனிந்து கட்டிவிட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள திரும்பிடுங்க" என்றாள்.

"எங்க திரும்பறதுங்கறத நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் சல்மே.

மெரிகே அந்தக் குட்டைச் சட்டையை மாட்டிக்கொண்டாள். வெளியே மழை நின்றிருந்தது, காற்று நிற்கவில்லை. வாசற்படி இறங்குவதற்குள் இடுப்புக்குக் கீழே குளிர் ஏறிவிட்டது. சல்மே அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் இருந்த பக்கம் நடந்தாள்.